கணக்கில் வாராச் சிறார்

பாடசாலைப் பிள்ளைகளுள் விசேட கல்வித் தேவையுடையோர் எத்துணைபேர் என்னும் வினா எளியதுபோலத் தோன்றும். அதற்கு விடைகாண முயன்ற வரலாறோ நீண்டது, இடறல் மிக்கது. எண்ணுபவர் யார், எவ்விடத்தில் நின்று எண்ணுகின்றார் என்பவற்றைப் பொறுத்தே தொகை பெருகியும் சுருங்கியும் வந்துள்ளது.

முதலில் எண்ணப் புகுந்தது குடிசனமதிப்பே. இந்தியாவில் 1872 முதல் 1931 வரை பார்வையற்றோர், செவியும் பேச்சும் அற்றோர், சித்தம் பேதித்தோர், தொழுநோயர் என நால்வகையினர் குறிக்கப்பட்டனர். இலங்கையிலும் இவ்வழக்கம் நிலவிற்று. 1911ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பைப் பற்றி டென்ஹாம் எழுதிய நூலிலும் இப்பகுதியைக் காணலாம். வீட்டுவாயிலில் நின்று வினவிய கணிப்பாளர் மருத்துவரல்லர். பெண்மகவின் குறையை அயலறியக் கூறத் தாயும் துணியாள். ஆகவே தொகை குறைந்தே நின்றது. 1931க்குப் பின் இந்தியாவிற் கைவிடப்பட்ட அவ்வினா 1981இலேயே மீண்டது. நோயரையும் குறையுடையோரையும் ஒரே நிரலில் அடுக்கிய அம்முறையில், இப்பிள்ளை எதனைக் கற்கும் என்னும் எண்ணத்துக்கு இடமே இருக்கவில்லை.

பாடசாலையினுள் நின்று நோக்கும் முறை கட்டாயக் கல்வியின் பின்னர் ஐரோப்பாவிற் பிறந்தது. 1904இற் பிரெஞ்சு அரசு அமைத்த குழுவின் முயற்சியையொட்டிப் பினே என்பாரும் சிமோன் என்பாரும் 1905இல் தம் அளவுகோலை வகுத்தனர். உதவி வேண்டுவாரைக் கண்டறிவதே பினேயின் நோக்கம். பின்வந்தோர் அதனைத் தரம்பிரித்து ஒதுக்குங் கருவியாக்கினர். இங்கிலாந்தில் 1978ஆம் ஆண்டு வார்னொக் அறிக்கை, குறையின் பெயரை விடுத்துத் தேவையை நோக்குமாறு கூறிற்று. பள்ளிக்காலத்தில் ஏதோவொரு வேளையில் ஐந்தில் ஒரு பிள்ளைக்கு விசேட உதவி வேண்டப்படும் என்பது அதன் மதிப்பீடு.

இலங்கையில் 1912இல் மேரி சப்மன் அம்மையார் தொடக்கிய செவிப்புலனற்றோர், பார்வையற்றோர் பாடசாலை பின்னர் இரத்மலானையில் நிலைபெற்றது. ஆனால் நிறுவனம் தன்னை நாடிவந்தோரையே அறியும். நாடிவர இயலாதோர் வாழ்ந்த இடங்களுள் ஒன்று கம்பளை.

1820களில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்ட நிலம் அது; 1873இற் புகையிரதமும் வந்து சேர்ந்தது. கோப்பி அழிந்து தேயிலை பரவியபோது சுற்றுமலைகளெங்கும் லயங்கள் நிறைந்தன. விடியற்காலைப் பிரட்டிலே தொழிலாளர் எண்ணப்பட்டனர். செக்றோலில் நாட்பெயர் பதியப்பட்டது. தோட்டத்துரையைப் போல ஆட்களை ஒழுங்காக எண்ணியவர் இத்தீவில் வேறெவருமிலர் எனலாம். எனினும் அவ்விடாப்பு உழைப்புக்குரியது; கொழுந்தெடுக்க வலியற்ற பிள்ளைக்கு அதிலே இடமில்லை. தொழிலாளர் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாக்கிய 1907ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் வந்தும், பல தோட்டப் பாடசாலைகள் ஓராசிரியர் பாடசாலைகளாகவே நின்றன. நடக்கவியலாப் பிள்ளை அங்கும் வாராது. வாராத பிள்ளைக்கு வரவிடாப்பும் இல்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின்பின் பெற்றோரே அரசின் கணக்கிலிருந்து நழுவினர்.

1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. அவையும் ஆண்டுதோறும் எடுக்கப்படும் பாடசாலைத் தொகைமதிப்பினுட் புகுந்தன. ஈண்டு வேறோர் இடர் எழுகின்றது. படிவத்தை நிரப்புவதற்கு வேண்டிய செய்தியைத் தருபவர் வகுப்பாசிரியர். கண்ணொளி இழந்த பிள்ளையை எவரும் அறிவர்; காது பாதி மந்தமான பிள்ளையோ பின்வாங்கிலில் அமைதியாக அமர்ந்திருக்கும். அதனை ஆசிரியர் ‘படிப்பில் மந்தம்’ என்பார். காதின் மந்தம் அறிவின் மந்தமாக மாறுவது இவ்வாறுதான். படிவத்திலோ அப்பிள்ளைக்குரிய கட்டம் வெறுமையாகவே இருக்கும்.

2012ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பு வினாவையே மாற்றிற்று. குறையுண்டோ எனக் கேளாது, பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவிற்கொள்ளல், தன்னைப் பேணல், பிறருடன் உரையாடல் ஆகியவற்றில் இடர்ப்பாடு உண்டோ என வினவிற்று. ஐந்து வயதுக்கு மேற்பட்டோருள் 8.7 சதவீதத்தினர் ஏதேனுமோர் இடர்ப்பாடு உடையோராகக் காணப்பட்டனர். சிறாருக்கெனவே 2016இல் யுனிசெஃப் நிறுவனமும் வாஷிங்டன் குழுவும் வெளியிட்ட வினாத்தொகுதி தாயை அல்லது வளர்ப்பவரை நோக்கியது. கம்பளைத் தோட்டங்களில் அத்தாய் பகலில் மலையிற் கொழுந்தெடுப்பவள். வினாத்தாள் கொண்டுசெல்வோர் கொழுந்து நிறுத்து முடிந்த மாலையிலேயே லயத்துக்குச் செல்லவேண்டும். அவள் பேசும் தமிழிலேயே கேட்கவும் வேண்டும்.