'ஃப்ரீயா' கொடுத்தா 'ஃப்ரீலி' ஆகிடுமா? - ஓசியில் ஒரு இங்கிலீஷ் கிளாஸ்!

புதுசா ஒரு கிளையன்ட் கிடைச்சிருக்கார். முதல் லோகோவை காசு வாங்காம செஞ்சு கொடுத்து அசத்தலாம்னு முடிவு பண்றீங்க. 'ஐ வில் டிசைன் யுவர் லோகோ ஃப்ரீலி' என்று மெயிலைத் தட்டிவிடுறீங்க. நீங்க சொல்ல நினைச்சது, 'இலவசமா செஞ்சு தர்றேன்'. அவருக்குப் புரிஞ்சது, 'என் இஷ்டத்துக்குச் செய்வேன்'. முடிஞ்சது ஜோலி!

தப்பு எங்கே? தமிழில் 'ஃப்ரீ'யோட 'ஆ' சேர்த்து 'ஃப்ரீயா' என்கிறோம். அதே பழக்கத்தில் இங்கிலீஷில் 'லி' சேர்த்துவிடுகிறோம். ஆனால், 'ஃப்ரீலி' என்றால் தடையில்லாமல், தாராளமாக என்று அர்த்தம். காசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'ஃப்ரீலி அவெய்லபிள்' என்ற பொருள் எங்கும் தாராளமாகக் கிடைக்கும். ஆனா, காசு கொடுத்துதான் வாங்க வேண்டியிருக்கலாம்!

அப்போ எதை, எங்கே சொல்லணும்?

ஃப்ரீ ஆஃப் சார்ஜ்: ஆபீஸ் மெயிலுக்கு இதுதான் பெஸ்ட். 'அட் நோ சார்ஜ்' என்றும் எழுதலாம். நம்ம ஊரில் 'ஃப்ரீ ஆஃப் காஸ்ட்' சகஜம், தப்பில்லை. வெளிநாட்டு கிளையன்ட் என்றால் 'சார்ஜ்' போடுங்கள்.

ஃபார் ஃப்ரீ: நண்பர்களோடு பேச, சாட் பண்ண ஓகே. 'ஐ காட் இட் ஃபார் ஃப்ரீ'. இங்கே 'ஃபார்' எதுக்கு என்று முகம் சுளிக்கும் இலக்கணப் பிரியர்களும் உண்டு. அதனால் ரெஸ்யூமில் வேண்டாம்.

காம்ப்ளிமென்ட்டரி: ஹோட்டலில் ரூம் எடுத்தால் வரும் காலை டிபன் மாதிரி, மரியாதைக்காகத் தருவது. ஸ்பெல்லிங்கில் 'எல்'லுக்கு அடுத்து 'ஐ' வரணும். 'ஈ' போட்டால், 'ஒன்றை ஒன்று நிறைவு செய்வது' என்று அர்த்தமே மாறிடும்.

ஆன் த ஹவுஸ்: கடைக்காரரே 'இந்த காபி நம்ம கணக்கு' என்பது. பில்லை நீங்க கட்டினா 'இட்ஸ் ஆன் மீ'.

ப்ரோ போனோ: லத்தீன் வார்த்தை. வக்கீல் ஃபீஸ் வாங்காமல் பொதுநலனுக்காக வழக்கு நடத்துவது.

இதிலெல்லாம் உஷார்!

'ஃப்ரீ கிஃப்ட்' - கிஃப்ட் என்றாலே இலவசம்தானே பாஸ்? 'ஃப்ரீ ஃபார் ஆல்' - எல்லோருக்கும் இலவசம் என்று போஸ்டர் அடிச்சிடாதீங்க. கட்டுப்பாடே இல்லாத அடிதடிக்கும் அதுதான் பெயர். 'ஸ்காட் ஃப்ரீ' - தப்பு செஞ்சவர் தண்டனையே இல்லாமல் தப்பிப்பது. 'ஸ்காட்' என்பது வரியைக் குறித்த பழைய வார்த்தை.

கடைசியா, ஆப்களில் வரும் 'ஃப்ரீ ட்ரையல்'. 19-ம் நூற்றாண்டு அமெரிக்க மதுக்கடைகளில் 'ஃப்ரீ லஞ்ச்' கொடுத்தார்கள், குடிக்க வாங்கினால் மட்டும்! 'இலவச மதிய உணவு என்று எதுவும் இல்லை' என்கிற இங்கிலீஷ் பழமொழிக்குப் பின்னணி இதுதான். ட்ரையலிலும் 'ஆட்டோ ரினியூவல்' என்ற வரி இருந்தால், நாள் முடிந்ததும் உங்கள் கார்டிலிருந்து காசு போகும். கேன்சல் செய்யவேண்டிய தேதியை மொபைலில் ரிமைண்டரா போட்டு வைங்க.

சரி, அந்த மெயிலை இப்போ மாத்திடலாமா? 'ஐ வில் டிசைன் யுவர் ஃபர்ஸ்ட் லோகோ ஃப்ரீ ஆஃப் சார்ஜ்'. அந்த 'ஃபர்ஸ்ட்' ரொம்ப முக்கியம். இல்லைன்னா, இரண்டாவது லோகோவையும் ஓசியில் கேட்பார்!