இசட்-இண்டெக்ஸ்

இணையப் பக்கத்தில் இரண்டு உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது எது மேலே தெரிய வேண்டும் என்பதைக் குறிக்கும் சிஎஸ்எஸ் பண்பு. எண் கூடக்கூட உறுப்பு மேலே வரும். ஆனால் அந்த எண் தன் அடுக்குச் சூழலுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். அலமாரியின் கீழ்த்தட்டில் உள்ள பெட்டிக்குள் ஒரு புத்தகத்தை எவ்வளவு மேலே அடுக்கினாலும் அது மேல்தட்டுக்குப் போகாது. உலாவிகள் பெரும்பாலும் முரண்பட்டது இந்தச் சூழல் எங்கே தொடங்குகிறது என்பதில்தான்.

1997இல் வெளிவந்த நெட்ஸ்கேப் 4 அடுக்குகளுக்கென்றே லேயர் என்ற டேக்கைக் கொண்டுவந்தது. அதே ஆண்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 அதை ஏற்கவில்லை. 1998 மே மாதம் டபிள்யூ3சி பரிந்துரைத்த சிஎஸ்எஸ் 2இல் இசட்-இண்டெக்ஸ் இடம்பெற்றது. லேயர் டேக் வழக்கொழிந்தது.

2001 ஆகஸ்டில் வந்த எக்ஸ்புளோரர் 6தான் இந்த வரலாற்றின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. படிவங்களில் வரும் தேர்வுப் பெட்டியை அது பக்கத்தின் பகுதியாக வரையாமல், விண்டோஸின் தனிச் சாளரமாகவே வைத்தது. அதனால் மேலிருந்து விரியும் மெனுவுக்கு 9999 என்று எண் கொடுத்தாலும், கீழே இருக்கும் தேர்வுப் பெட்டி மெனுவைத் துளைத்துக்கொண்டு தெரியும். இதற்கு வடிவமைப்பாளர்கள் கண்ட வழி அழகானது. ஐஃப்ரேம் மட்டும் அந்தப் பெட்டியை மறைக்கும். மெனுவோ ஐஃப்ரேமை மறைக்கும். எனவே மெனுவின் அதே அகல உயரத்தில் ஒரு வெற்று ஐஃப்ரேமை அதன் அடியில் விரித்து, கண்ணுக்குத் தெரியாதபடி ஒளிபுகச் செய்தார்கள். பாதுகாப்பான பக்கங்களில் எச்சரிக்கை எழாமலிருக்க, அதன் முகவரியில் ‘ஜாவாஸ்கிரிப்ட்:ஃபால்ஸ்’ என்று எழுதும் நுணுக்கம்வரை யோசித்திருந்தார்கள். 2006இல் எக்ஸ்புளோரர் 7 தேர்வுப் பெட்டியைச் சரிசெய்தது.

இன்னொரு பிழை அதற்குப் பிறகும் நீடித்தது. பொசிஷன் ரிலேட்டிவ் என்று குறித்துவிட்டு எண் எதுவும் தராத உறுப்புக்கும் எக்ஸ்புளோரர் 6, 7 இரண்டும் பூஜ்யம் கொடுத்துப் புதிய சூழலைத் தொடங்கின. இதனால் முதல் வரிசையின் மெனு, அடுத்த வரிசைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். வரிசைகளுக்கு 10, 9, 8 என இறங்குமுகமாக எண் தருவது வழக்கமான மருந்து. 2009 மார்ச்சில் வந்த எக்ஸ்புளோரர் 8 இதைத் தீர்த்தது.

ஃபயர்ஃபாக்ஸும் விலக்கல்ல. எதிர்ம எண் கொண்ட உறுப்பை அதன் 2ஆம் பதிப்பு சூழலின் பின்னணிக்கும் பின்னால் தள்ளியது. 2008இல் வந்த 3ஆம் பதிப்பு பின்னணிக்கு முன்னால் கொண்டுவந்தது. இது உலாவியின் பிழையா, பழைய விதியின் தெளிவின்மையா என்பதை இரு விதமாகவும் சொல்ல இடமுண்டு. வரையும் வரிசையைப் படிப்படியாக விளக்கும் பின்னிணைப்புடன் சிஎஸ்எஸ் 2.1 இறுதி வடிவம் பெற்றது 2011 ஜூனில்.

2012இல் குரோம் 22, பொசிஷன் ஃபிக்ஸட் உறுப்புகள் எல்லாவற்றுக்கும் தனிச் சூழல் அளித்தது. பிற உலாவிகளும் பின்னர் அவ்வாறே செய்தன. எண்களின் போட்டிக்கே அப்பாற்பட்ட ‘மேல் அடுக்கு’ முறையில் இயங்கும் டயலாக் உறுப்பு 2022 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸுக்கும் சஃபாரிக்கும் வந்தது. அதே முறையில் இயங்கும் பாப்ஓவர் 2023இல் குரோமிலும் சஃபாரியிலும், 2024இல் ஃபயர்ஃபாக்ஸிலும் இடம்பெற்றது.