நெற்றியிலிருந்து இறங்கிய மூக்கு

மூக்கை அறுப்பது நம் பக்கத்து அரசர்களுக்குப் புதிய வேலையல்ல. திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில் மைசூர்ப் படை மதுரைச் சீமைக்குள் புகுந்து, அகப்பட்டவர்களின் மூக்கை எல்லாம் அறுத்தது. ராமநாதபுரம் சேதுபதியின் துணையோடு மதுரைப் படை அவர்களைத் துரத்திப்போய் அதே காரியத்தைத் திருப்பிச் செய்தது. வரலாற்றில் அதற்கு மூக்கறுப்புப் போர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. போர்க்கைதி, திருடன், நடத்தை சரியில்லை என்று புருஷன் சந்தேகப்பட்ட பெண் என்று எல்லோருக்கும் இதே தண்டனைதான். உயிரை விட்டுவைத்து மானத்தை மட்டும் எடுப்பதற்கு இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. மூக்கு போனவர்கள் இத்தனை பேர் நடமாடிய நாட்டில், மூக்கு வைத்துத் தரும் தொழிலும் வளர்ந்ததில் வியப்பில்லை.

அந்தத் தொழில் எங்கே பிறந்தது என்று கேட்டால் எல்லோரும் சுஸ்ருதரைக் காட்டுவார்கள். காட்ட வேண்டியதுதான். போன மூக்கின் அளவுக்கு ஓர் இலையை நறுக்கி, அதை வைத்துக் கன்னத்துத் தோலை அளந்து எடுத்து, மூக்கிருந்த இடத்தைக் கீறிப் புண்ணாக்கி அதன்மேல் பொருத்தச் சொல்கிறது சுஸ்ருத சம்ஹிதை. மூச்சு விட இரண்டு குழல்கள், மேலே தூவ அதிமதுரப் பொடி, நனைக்க நல்லெண்ணெய் என்று பக்குவம் வரைக்கும் அதில் உண்டு. ஆனால் அவர் சொன்னது கன்னத்துத் தோல். பின்னால் உலகம் கற்றுக்கொண்டது நெற்றித் தோல். நடுவில் யாரோ கன்னத்தை விட்டு நெற்றிக்கு மாறியிருக்கிறார்கள். அந்த ஆள் ஏடு எதுவும் எழுதி வைக்கவில்லை. இமயமலை அடிவாரத்துக் காங்க்ராவிலும் மராட்டிய நாட்டிலும் அது குடும்பத் தொழிலாகக் கைமாறி வந்தது.

அது வெளியே தெரிந்தது ஒரு மாட்டுவண்டிக்காரரால். காவஸ்ஜி என்ற அந்த மராட்டியர், மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாடு ஓட்டியவர். திப்பு சுல்தானின் ஆட்களிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஏறத்தாழ ஒரு வருஷம் அப்படியே இருந்துவிட்டு, புனேக்கு அருகே செங்கல் அறுக்கும் இனத்தைச் சேர்ந்த ஒருவரிடம் மூக்கு வைத்துக்கொண்டார். இந்தச் சிகிச்சையை நேரில் பார்த்தவர்கள் தாமஸ் குருசோ, ஜேம்ஸ் ஃபிண்ட்லே என்ற பம்பாய் மருத்துவர்கள். செய்முறை விவரமும் காவஸ்ஜியின் படமும் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் 1794 அக்டோபரில் வெளிவந்தன.

செய்முறை இதுதான். மெழுகைத் தகடாகத் தட்டி, மூக்கின் அடிக்கட்டைமேல் வைத்து, பார்வையான மூக்காகப் பிடிப்பார்கள். பிறகு அதை விரித்து நெற்றியில் வைத்துச் சுற்றிலும் கோடு போடுவார்கள். கோட்டுக்குள் இருக்கும் தோலை உரிக்கும்போது, இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஒரு சிறு துண்டை மட்டும் அறுக்காமல் விடுவார்கள். உரித்த தோலை அந்தத் துண்டிலேயே ஒரு திருப்புத் திருப்பிக் கீழே இறக்கி, மூக்கின் ஓரத்தில் கீறிய பள்ளத்தில் விளிம்பைச் செருகுவார்கள். வெற்றிலையோடு போடுகிற காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துத் துணிப்பட்டைகளில் தடவி, ஐந்தாறு பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவார்கள். நான்கு நாள் தொடக்கூடாது. அதன்பின் நெய்யில் தோய்த்த துணி. பத்தாம் நாள் நாசித்துளை அடையாமலிருக்க மெல்லிய துணியைச் செருகுவது. இருபத்தைந்தாம் நாள் வாக்கில்தான் அந்தச் சிறு துண்டை அறுப்பது.

அறுக்காமல் விட்ட துண்டில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது. புதிய இடத்தில் ஒட்டிப்பிடிக்கும் வரை தோலுக்குப் பழைய இடத்திலிருந்து ரத்தம் வர வேண்டும். இத்தாலியில் பொலோன்யாவின் மருத்துவர் தாலியாகோஸ்ஸியும் இதை அறிந்திருந்தார். 1597-ல் படங்களோடு பெரிய புத்தகமே போட்டார். ஆனால் அவர் தோல் எடுத்தது மேற்கையிலிருந்து. நோயாளி கையைத் தூக்கி முகத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். நெற்றியென்றால் அந்தத் தொல்லை இல்லை. தோலின் நிறமும் ஒத்துப்போகும். கண்ணின் உள்மூலைக்கு மேலே நெற்றிக்கு ஏறும் சிறு தமனி, விட்டுவைத்த துண்டின் வழியாகவே ஓடுகிறது. செங்கல்காரர் அதன் பெயரை எந்தக் கல்லூரியிலும் படித்தவரல்ல.

அவர் பெயரும் யாருக்கும் தெரியாது. மாடு ஓட்டியவர், பார்த்தவர்கள், காவஸ்ஜியை வரைந்த ஓவியர் ஜேம்ஸ் வேல்ஸ் ஆகியோரின் பெயர் இருக்கிறது. கத்தி பிடித்தவருக்கு மட்டும் சாதியை எழுதினால் போதும் என்று விட்டுவிட்டார்கள். சுஸ்ருதரின் பெருமையைப் பேசும் மேடைகளிலும் இவருக்கு இடமில்லை. என் கணக்கில் நவீன மூக்குச் சிகிச்சையின் தகப்பன் இவர்தான்.

லண்டன் அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்யூ அந்த இதழ்ச் செய்தியைப் படித்துவிட்டுப் பல வருஷம் பிணங்களில் பழகிப் பார்த்தார். 1814 அக்டோபர் 23 அன்று செல்சியில் ஒரு ராணுவ அதிகாரிக்கு நெற்றித் தோலில் மூக்கு வைத்தார். மயக்க மருந்து இல்லாத காலம். ஈதர் வந்தது 1846-ல், கார்ப்யூ இறந்த வருஷம். 1816-ல் அவர் போட்ட புத்தகம் ஐரோப்பாவெங்கும் பரவியது. இரண்டு வருஷத்தில் பெர்லின் மருத்துவர் கிராஃபே, இந்தச் சிகிச்சைக்கு ‘ரைனோபிளாஸ்டி’ என்று இன்று வழங்கும் பெயரையும் சூட்டிவிட்டார்.

இருந்த மூக்கை அழகாக்குவது அதற்கும் அப்புறம். அதே பெர்லினில் ஜாக் ஜோசப் என்ற மருத்துவர், 1896-ல் ஒரு சிறுவனின் துருத்திய காதுகளைச் சரிசெய்யப்போய் வேலையை இழந்தார். வீண் அலங்காரத்துக்குக் கத்தி எடுப்பதாவது என்று மேலிடத்துக்குக் கோபம். 1898-ல், மூக்கு பெரிதென்று வெளியே தலைகாட்டவே கூசிய ஒருவர் அவரைத் தேடி வந்தார். ஜோசப் மூக்கைச் சிறிதாக்கி அனுப்பினார். இன்றைய அழகுச் சிகிச்சை விளம்பரங்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

தோல் புற்றுநோயில் மூக்கின் பெரும்பகுதி போனவர்களுக்கு இன்றும் நெற்றித் தோல்தான் கைகொடுக்கிறது. மெழுகுக்குப் பதில், தையல் நூல் வரும் உறையின் ஈயத்தாளை நறுக்கி அளவெடுக்கிறார்கள். அறுக்காமல் விட்ட துண்டை அறுப்பது மூன்று வாரம் போல் கழித்து. அதுவரை கண்ணாடி போடுவது பெரும்பாடு. நெற்றி குட்டையாக இருப்பவர்களுக்கு முடி வளரும் தோலும் கூடவே இறங்கி, மூக்கு நுனியில் முடி முளைப்பதுண்டு. அதற்கு இப்போது லேசர் வைக்கிறார்கள்.