நீர் மூடிய ஊர்

சேர்வராயன் மலையில் உள்ள வெள்ளக்கடை என் சொந்த ஊர். காப்பித் தோட்டங்களின் நடுவே வளர்ந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பேராறு என்பது பாடப் புத்தகத்தில் காணும் பொருளே. எனினும், இம்மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலத்தைக் கடந்து சென்று காவிரியில்தான் கலக்கிறது.

ஒரு நாள் நைல் நதியைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன், “ஐயா, அந்நதிக்கரையில் உள்ளவற்றைப் போல நாம் சென்று காணத்தக்க பழஞ்சின்னம் நம் ஆற்றங்கரையில் உண்டா?” என்று கேட்டான். அதற்கு விடையாகக் கோடை விடுமுறையில் மாணவர் அறுவரை மேட்டூருக்கு அழைத்துச் சென்றேன்.

இருபது கொண்டையூசி வளைவுகளில் மலையிறங்கிச் சேலம் வழியாக மேட்டூரை அடைந்தோம். சென்னை மாகாணத்திற்கும் மைசூருக்கும் 1924-இல் ஏற்பட்ட உடன்படிக்கையின் பயனாக, 1925-இல் தொடங்கி 1934-இல் நிறைவெய்தியது இவ்வணை. அக்கால ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைத் தாங்கிய இந்நீர்த்தேக்கம் 120 அடி நிரம்பினால் 93.47 ஆயிரம் மில்லியன் கன அடி நீரைக் கொள்ளும். தஞ்சைத் தரணியின் வயல்கள் இந்நீரை நம்பியே விளைகின்றன. மாணவர்கள் வியந்து நின்றனர். ஆனால் நான் காட்ட விரும்பியது அணையை அன்று, அணை மறைத்ததை.

கொளத்தூர் வழியே பண்ணவாடிப் பரிசல் துறைக்குச் சென்றோம். அவ்வாண்டு நீர்மட்டம் வெகுவாகத் தாழ்ந்திருந்தது. முதிய பரிசற்காரர் ஒருவர் எங்களுக்கு வழிகாட்ட இசைந்தார். இரு பரிசல்களில் சிறிது தொலைவு சென்றதும், நீருக்கு மேலே தலை நிமிர்ந்து அமர்ந்திருந்தது ஒரு பெரிய நந்தி! பெயரிலேயே நீரைக் கொண்ட சலகண்டேசுவரர் கோயிலின் நந்தி அது. அப்பால், நீரில் மூழ்கிய கிறித்தவ ஆலயத்தின் கோபுரமும் தெரிந்தது.

“எங்க பாட்டன் ஏரோட்டின நிலத்து மேலதானுங்க நான் பரிசல் ஓட்டறேன்” என்றார் முதியவர். பிறகு துடுப்பால் சுட்டிச் சுட்டி, “இங்க கிணறு, அங்க களத்துமேடு, அதோ புளியந்தோப்பு” என்று சொல்லிக்கொண்டே வந்தார். நாங்கள் பார்த்த இடமெல்லாம் தண்ணீர்தான். அவர் கண்ட ஊரோ வேறு. அதுவும் அவர் கண்ணால் கண்டதன்று, தந்தையார் வாய்மொழியாகக் கேட்டது.

“இக்கோயிலைப் பெயர்த்து மேட்டில் வைத்திருக்கக் கூடாதா, ஐயா?” என்றான் கேள்வி கேட்ட அதே மாணவன்.

அவனை நான் மீண்டும் நைல் நதிக்கே அழைத்துச் செல்ல வேண்டியதாயிற்று. 1902-இல் அசுவானில் முதல் அணை எழுந்தபின், பீலே தீவின் அழகிய கோயில்கள் ஆண்டின் பெரும்பகுதி நீரில் நின்றன. அக்காலத்தில் அவற்றைப் பெயர்த்து வைப்பார் இல்லை. பின்னர் அங்கே உயர் அணை எழுந்தபோதுதான் உலகம் விழித்தது. யுனெஸ்கோவின் அழைப்பை ஏற்றுப் பல நாடுகள் உதவின. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அபு சிம்பல் கோயில்களை 1964 முதல் 1968 வரை துண்டு துண்டாக அறுத்து, ஏறத்தாழ 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் பொருத்தினர். நம் நாட்டிலும் கிருட்டிணை ஆற்றங்கரையில் நாகார்ச்சுனகொண்டாவை 1954 முதல் 1960 வரை அகழ்ந்து, பௌத்தச் சின்னங்கள் பலவற்றை உயர்ந்த குன்றின்மேல் சேர்த்தனர். பண்ணவாடி நீரில் ஆழ்ந்ததோ அவ்வுணர்வு பிறப்பதற்கு முன்பு.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அபு சிம்பலின் கற்கள் உயர்ந்தன. நைல் கரையில் வாழ்ந்த நூபிய மக்களின் ஊர்கள் மூழ்கின. பல்லாயிரவர் இடம்பெயர்ந்தனர். கல்லைப் பெயர்க்கலாம், கிணற்றடியையும் களத்துமேட்டையும் எவ்வாறு பெயர்ப்பது? அணை வேண்டியதே, அதனால் உண்டவர் பலகோடி. அதற்காகத் தம் ஊரை ஈந்தவர் யார் என்பதையும் வரலாறு எழுத வேண்டாவா?

கரையேறியதும் அம்மாணவன் முதியவர் அருகே அமர்ந்தான். “கிணறு எந்தப் பக்கம் என்றீர்கள், தாத்தா?” என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்லக் குறிப்பேட்டில் ஊரின் படத்தை வரைந்தான். வண்டிக்கு நேரமாயிற்று என்று மற்றவர்கள் அழைத்தும் அவன் எழவில்லை. நானும் அழைக்கவில்லை.