இராசத்துரோக வழக்குகளும் மொழிபெயர்ப்பும்: திலகர் வழக்குகள் தரும் சான்றுகள்

இந்திய மொழிகளில் எழுதிய இதழாசிரியர்கள்மீது ஆங்கிலேய அரசு தொடுத்த இராசத்துரோக வழக்குகள் அரசியல் வரலாற்றில் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. மொழிபெயர்ப்பு வரலாற்றில் அவற்றுக்குரிய இடம் அந்த அளவுக்கு உணரப்படவில்லை. ஆசிரியர் எழுதியது மராத்தியில் அல்லது வங்காளத்தில். நீதிமன்றம் படித்தது ஆங்கிலத்தில். தண்டனை எழுதியவருக்கு விதிக்கப்பட்டது. எடைபோடப்பட்ட சொற்களோ மொழிபெயர்ப்பாளருடையவை. இந்த இடைவெளியையே தற்காப்புக்குரிய களமாகக் கொண்டவர் பால கங்காதர திலகர். 1897, 1908, 1916 ஆகிய ஆண்டுகளில் அவர்மீது நடந்த மூன்று வழக்குகளை மொழிநிலையில் நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சட்டமும் கண்காணிப்பும்

இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 124-ஏ பிரிவு 1870-இல் சேர்க்கப்பட்டது. அரசின்மீது ‘டிஸ்அபெக்ஷன்’ என்னும் உணர்வைத் தூண்டுவதையோ தூண்ட முயல்வதையோ அப்பிரிவு குற்றமாக்கியது. 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த நாட்டுமொழி இதழ்கள் சட்டம் இந்திய மொழி இதழ்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. ஆங்கில இதழ்களை விட்டுவிட்டது. அதுவரை வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் வெளிவந்த ‘அமிர்த பஜார் பத்திரிகா’ முழுதும் ஆங்கில இதழாக மாறி அச்சட்டத்திலிருந்து தப்பியது. ஒரே கருத்து ஒரு மொழியில் எழுதப்பட்டால் குற்றமாகவும் மற்றொரு மொழியில் எழுதப்பட்டால் விமரிசனமாகவும் கொள்ளப்பட்ட நிலையை இது காட்டுகிறது.

ரிப்பன் பிரபுவின் காலத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆயினும் கண்காணிப்பு நின்றுவிடவில்லை. மாகாண அரசுகளின் மொழிபெயர்ப்பாளர்கள் இந்திய மொழி இதழ்களின் பகுதிகளை ஆங்கிலத்தில் சுருக்கியும் பெயர்த்தும் கால முறையில் அறிக்கைகளாகத் தந்துவந்தனர். எது அரசின் பார்வைக்குச் செல்ல வேண்டும், எது வேண்டா என்பதைத் தெரிவு செய்தவர் மொழிபெயர்ப்பாளரே. வழக்குத் தொடங்குமுன்பே மொழிபெயர்ப்புத் தொடங்கிவிட்டது எனலாம்.

2. ஒரு முன்னொட்டின் பொருள்

124-ஏ பிரிவின்கீழ் நடந்த முதல் பெருவழக்கு, 1891-இல் கல்கத்தாவில் ‘வங்கவாசி’ இதழைச் சார்ந்தோர்மீது தொடுக்கப்பட்டதாகும். மண வயதுச் சட்டத்தைக் கடுமையாகத் தாக்கிய கட்டுரைகளே அவ்வழக்கிற்குக் காரணமாயின. ‘டிஸ்அபெக்ஷன்’ என்பது அன்புக்கு மாறான உணர்வு, அதாவது வெறுப்பு என்று தலைமை நீதிபதி பெத்தரம் விளக்கினார். ஜூரிகளிடையே ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. இதழினர் வருத்தம் தெரிவித்தபின் வழக்குக் கைவிடப்பட்டது.

1897-இல் ‘கேசரி’ இதழில் வந்த எழுத்துகளுக்காகத் திலகர் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். சிவாஜி விழா பற்றிய செய்தியும் சிவாஜியே பேசுவதாக அமைந்த ஒரு பாடலும் குற்றத்திற்கு உரியனவாகக் காட்டப்பட்டன. நீதிபதி ஸ்ட்ரேச்சி ஜூரிகளுக்கு அளித்த விளக்கத்தில், அச்சொல் அன்பு இல்லாமையைக் குறிக்கும் என்றும், வெறுப்பு, பகை, இகழ்ச்சி முதலிய எல்லா வகைத் தீய எண்ணங்களும் அதனுள் அடங்கும் என்றும், அதன் அளவு சிறிதா பெரிதா என்பது கருதத்தக்கதன்று என்றும் கூறினார். ஐரோப்பியர் அறுவர் குற்றவாளி என்றனர். இந்தியர் மூவர் அன்று என்றனர். திலகருக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது.

இவ்வேறுபாட்டைத் தமிழ் இலக்கண மரபு அறிந்தவர் எளிதில் உணர்வர். வடமொழியின் எதிர்மறை முன்னொட்டுக்கு இன்மை, அன்மை, மறுதலை என மூன்று பொருள்களை இலக்கண நூலார் கூறுவர். ‘அரூபம்’ என்பதில் இன்மைப் பொருளும் ‘அதர்மம்’ என்பதில் மறுதலைப் பொருளும் அமைந்துள்ளன. ‘டிஸ்’ என்னும் ஆங்கில முன்னொட்டும் இத்தகையதே. பெத்தரம் அதனை மறுதலையாகக் கொண்டார். ஸ்ட்ரேச்சி இன்மையிலிருந்து தொடங்கி மறுதலையையும் அதனுள் அடக்கினார். இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மறுதலை என்று கொண்டால், எழுதியவர் பகையைத் தூண்டினார் என்பதை அரசு மெய்ப்பிக்க வேண்டும். இன்மை என்று கொண்டால், தம் எழுத்தில் அரசின்மீது அன்பு குறையவில்லை என்பதை எழுதியவரே மெய்ப்பிக்க வேண்டியவராகிறார்.

அதே ஆண்டில் சதாராவின் ‘பிரதோத்’ இதழ் வழக்கில் நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே, அச்சொல் அன்பின் இன்மையை மட்டும் குறிப்பதன்று, விசுவாசமின்மையை ஒத்த உடன்பாட்டு நிலையிலான வெறுப்பையே குறிக்கும் என்று எழுதினார். 1898-இல் சட்டம் திருத்தப்பட்டபோது விசுவாசமின்மையும் எல்லாப் பகை உணர்ச்சிகளும் அச்சொல்லுள் அடங்கும் என்ற விளக்கம் சேர்க்கப்பட்டது. வெறுப்பையும் இகழ்ச்சியையும் விளைத்தலும் குற்றமாக்கப்பட்டது.

திலகருக்கு ஆதரவும் மொழி எல்லை கடந்து வந்தது. வழக்குச் செலவுக்கு வங்காளத்தில் நிதி திரட்டப்பட்டது. இரவீந்திரநாத தாகூர் 1898-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் ‘கண்டரோத’ (குரல்வளை நெரிப்பு) என்னும் கட்டுரையைப் படித்துப் புதிய சட்டத்தைக் கண்டித்தார். திலகரை விடுவிக்கக் கோரிய விண்ணப்பத்தில் மொழியறிஞர் மாக்ஸ் முல்லரும் கையொப்பமிட்டார். 1898 செப்டம்பரில் திலகர் விடுதலை பெற்றார்.

3. 1908: குறுக்கு விசாரணையில் மொழிபெயர்ப்பு

1908 ஏப்ரல் 30 அன்று முசாபர்பூரில் வீசப்பட்ட குண்டுக்கு ஆங்கிலப் பெண்கள் இருவர் பலியாயினர். அந்நிகழ்ச்சியை ஒட்டி மே 12, ஜூன் 9 நாள்களில் ‘கேசரி’யில் வந்த கட்டுரைகளுக்காகத் திலகர் மீண்டும் கைது செய்யப்பட்டார். அவரைப் பிணையில் விட வேண்டி முகமது அலி ஜின்னா வாதிட்டார். நீதிபதி தாவர் மறுத்தார். 1897-இல் திலகரின் பிணைக்காக வாதிட்ட வழக்கறிஞரே இந்தத் தாவர் என்பது குறிப்பிடத்தக்கது. சிறப்பு ஜூரி அமைத்தால் மராத்தி அறியாத ஐரோப்பியரே பெரும்பான்மையராவர் என்ற எதிர்ப்பும் ஏற்கப்படவில்லை. ஐரோப்பியர் எழுவரும் பார்சிகள் இருவரும் ஜூரியில் அமர்ந்தனர்.

திலகர் தாமே வாதாடினார். அரசின் மொழிபெயர்ப்புத் துறை அலுவலர் சாட்சியாக வந்தபோது, சொல் சொல்லாக எடுத்து அவரைக் குறுக்கு விசாரணை செய்தார். அகராதிகள் நீதிமன்றத்தில் விரிக்கப்பட்டன. அவருடைய வாதத்தின் உட்கருத்து மொழியியலார்க்கு மிகவும் பயன்படுவது. மராத்தியின் அரசியல் கலைச்சொற்கள் அப்போது உருவாகிக்கொண்டிருந்தன. ஆங்கில அரசியல் கருத்துகளுக்கு இதழாசிரியர்கள் பழைய மராத்திச் சொற்களையே புதுப்பொருளில் ஆண்டனர். அச்சொற்களை அகராதியின் பழைய பொருளில் மீண்டும் ஆங்கிலமாக்கும்போது, புறப்பட்ட ஆங்கிலச் சொல் திரும்பி வருவதில்லை. அதனினும் கடுமையான ஒன்று வருகிறது.

சான்றாக, அரபு மூலமுடைய ‘ஜுலூம்’ என்னும் சொல்லைக் கருதலாம். மராத்தியில் அச்சொல் வரிச்சுமை முதல் கொடுங்கோன்மைவரை பரந்த பொருள் எல்லை உடையது. அதன் பெயரடையை ஆங்கிலத்தில் ‘கடுமையான’, ‘ஒடுக்குகின்ற’, ‘கொடுங்கோலான’ என்னும் பொருள்தரும் வெவ்வேறு சொற்களால் பெயர்க்க இயலும். மொழிபெயர்ப்பாளர் எதனைத் தேர்ந்தாலும் அகராதியில் அதற்கு ஆதாரம் உண்டு. ஆனால் முதற்சொல் அமைந்த தொடர் அரசியல் விமரிசனமாக நிற்கும். இறுதிச் சொல் அமைந்த தொடர் சட்டத்தின் பிடியில் விழும். மோல்ஸ்வர்த்தின் மராத்தி அகராதி இரண்டாம் பதிப்பாக வெளிவந்த ஆண்டு 1857. அரை நூற்றாண்டுக்குப் பிந்திய இதழ் நடையை அளக்க அது போதிய அளவுகோல் ஆகாது.

திலகரின் உரை இருபத்தொரு மணி நேரத்திற்கு மேல் நீண்டது. ஜூலை 22 இரவு, எழுவர் குற்றவாளி என்றும் இருவர் அன்று என்றும் தீர்ப்புரைத்தனர். ஆறாண்டு நாடுகடத்தலும் ஆயிரம் ரூபாய் தண்டமும் விதிக்கப்பட்டன. பம்பாய் ஆலைத் தொழிலாளர் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தனர். திலகர் 1914 வரை மாந்தலே சிறையில் இருந்தார். அதே ஜூலை 7 அன்றுதான் திருநெல்வேலியில் வ.உ.சிதம்பரம் பிள்ளையின் தமிழ்ப் பேச்சும் சுப்பிரமணிய சிவாவின் தமிழ்ப் பேச்சும் ஆங்கிலத் தீர்ப்பொன்றில் இராசத்துரோகமாயின.

4. 1916: முழுமை நோக்கு

1916-இல் தன்னாட்சி பற்றித் திலகர் ஆற்றிய மராத்திச் சொற்பொழிவுகளுக்காக, நன்னடத்தைப் பிணை தர வேண்டுமெனப் புனே மாவட்ட நீதித்துறை நடுவர் ஆணையிட்டார். உயர்நீதிமன்றத்தில் ஜின்னா திலகருக்காக வாதாடினார். நீதிபதிகள் பாச்சிலர், ஷா இருவரும் அவ்வாணையை நீக்கினர். தனித் தொடர்களையோ கடுஞ்சொற்களையோ பிரித்தெடுத்துக் கொள்ளாமல், பேச்சை முழுமையாகப் படித்து அதன் பொது விளைவைக் காண வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை. 1908-இல் சொல் அளவில் தோற்ற தற்காப்பு, 1916-இல் கருத்தாடல் அளவில் வென்றது எனக் கொள்ளலாம். பனுவல் முழுவதையும் அலகாகக் கொள்ளும் பிற்கால மொழிபெயர்ப்புக் கொள்கைக்கு இது ஒரு முன்னோடிச் சான்றாகும்.

5. முடிவுரை

விடுதலைக்குப் பின் 1962-இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் 124-ஏ பிரிவை ஏற்றதெனினும், வன்முறைக்கோ பொது ஒழுங்குக் குலைவுக்கோ தூண்டும் சொற்களளவில் அதனைச் சுருக்கியது. 2022 மே மாதத்தில் அப்பிரிவின் செயற்பாட்டை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது இராசத்துரோகம் என்னும் பெயர் சட்டத்திலிருந்து மறைந்தது. எனினும் அதன் 152-ஆம் பிரிவு, பிரிவினை சார்ந்த ‘உணர்வுகளை’ ஊக்குவித்தல் பற்றிப் பேசுகிறது. உணர்வைக் குறிக்கும் சொல்லின் பொருள் எல்லையை வரையறுக்கும் பணி மீண்டும் நீதிமன்றத்தின் முன் நிற்கிறது.

மேற்கண்ட வழக்குகளால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, வழக்கிற்குரிய மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லுக்கு ஒரே நிகரன் தருவது போதாது. அதன் பொருள் எல்லையும் அக்கால வழக்கும் குறிப்பாக உடன் தரப்பட வேண்டும். இரண்டு, பெயர்க்கப்படும் அலகு தொடராக இன்றிப் பனுவலாக இருத்தல் வேண்டும். மூன்று, மொழிபெயர்ப்பாளர் வினாவுக்கு உட்படுத்தப்பட வேண்டும். எழுத்துக்காகக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு அவ்வாய்ப்பு உரிமையாக வேண்டும். 1908-இல் திலகர் தம் சாட்சிக் கூண்டு வினாக்களால் நிலைநாட்ட முயன்றது இதனையே. அவர் தோற்றார், ஆனால் அவ்வினாக்களுக்கு அன்று சரியான விடை கிடைத்திருந்தால், மாந்தலேயில் கழிந்த ஆறு ஆண்டுகள் வேறாக இருந்திருக்கக்கூடும்.