அறுபதாம் படி

திருச்செங்கோட்டு மலைக்குப் படியேறிப் போனவர்களுக்கு அறுபதாம் படியைத் தெரியும். பாறையில் செதுக்கிய பெரிய நாகம் இருக்கிற அதே மலைப்பாதையில் வரும் அறுபது படிகள். சத்தியப் படிகள் என்பார்கள். கடன், வரப்பு, பங்காளிச் சண்டை என்று எந்த வழக்கானாலும் அங்கே நின்று சத்தியம் செய்துவிட்டால் பேச்சு முடிந்தது. அந்தச் சத்தியத்தை வெள்ளைக்காரன் காலத்துக் கோர்ட்டுகூட ஏற்றுக்கொண்டது என்று எங்கள் பக்கம் இன்றும் சொல்வார்கள்.

என் அம்மா அதை நம்புகிறவர். வைகாசித் தேருக்கு வருஷம் தவறாமல் போகிறவர். நான் அம்பேத்கரைப் படித்து வளர்ந்தவள். 1956-ல் நாக்பூரில் அவர் ஏன் இந்து மதத்தை விட்டு வெளியேறினார் என்று அம்மாவிடம் பலமுறை விளக்கியிருக்கிறேன். "அவரு பெரியவரு கண்ணு. எனக்கு இந்த மலை போதும்" என்பதுதான் பதில். இந்த மலையில் நடந்தவற்றுக்குப் பிறகு அம்மா போன்ற நம்பிக்கையாளர்கள் என்ன செய்தார்கள், என்ன செய்யாமல் விட்டார்கள் என்பதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

2022 அக்டோபர் 23 அன்று, தீபாவளிக்கு முதல் நாள், கோவை உக்கடத்தில் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்பாக ஒரு கார் வெடித்தது. ஓட்டி வந்தவர் அதிலேயே செத்தார். அந்த வாரம் நான் போன கூட்டங்களிலும் டீக்கடைகளிலும் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "முஸ்லிம்கள் இதைக் கண்டிச்சாங்களா?"

கண்டித்தார்கள். சில நாட்களில் கோட்டைமேடு ஜமாஅத் பிரதிநிதிகள் அந்தக் கோயிலுக்கே நேரில் போனார்கள். கோயில் தரப்பினர் அவர்களை வரவேற்றுப் பேசினார்கள். இது புதிதும் அல்ல. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்களில் செத்த ஒன்பது பேரைத் தங்கள் கபரஸ்தானில் புதைக்க முடியாது என்று அங்குள்ள ஜாமா மஸ்ஜித் அறக்கட்டளை மறுத்துவிட்டது. ஓராண்டுக்கு மேல் உடல்கள் பிணவறையிலேயே கிடந்தன. கடைசியில் 2010 ஜனவரியில் அரசு ரகசியமாகப் புதைத்தது.

இலங்கையில் 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டு வைத்து 250-க்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். கொன்றவர்களின் உடல்களை ஏற்க மாட்டோம் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. அந்தக் கூட்டத்தின் தலைவன் சஹ்ரான் பிறந்த ஊர் காத்தான்குடி. அவனுடைய ஆட்கள் 2017-லேயே அங்குள்ள சூஃபி வழி முஸ்லிம்களைத் தாக்கியிருந்தார்கள். அவனைப் பற்றி முதலில் முறையிட்டதும் அந்த ஊர் முஸ்லிம்கள்தான். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

ஒரு முஸ்லிமுக்கு இறந்தவரைக் குளிப்பாட்டித் தொழுது அடக்கம் செய்வது சமூகத்தின் மேல் விழுந்த கடமை. அதையே மறுப்பது சின்ன விஷயமில்லை. "இவன் செய்தது எங்கள் இறைவனுக்காக அல்ல" என்பதை அறிக்கையாக விடுவது சுலபம். ஆறடி மண்ணை மறுப்பதற்கு அதைவிடப் பெரிய துணிவு வேண்டும்.

அந்தக் கேள்வியை எங்கள் சேலம், நாமக்கல் சமவெளியில் யாரும் யாரிடமும் கேட்டதில்லை. அதனால்தான் திருச்செங்கோட்டுக்குத் திரும்பி வருகிறேன்.

மலைமேல் இருக்கும் சாமி பாதி ஆண், பாதி பெண். அர்த்தநாரீசுவரர். தமிழில் மாதொருபாகன். சம்பந்தர் பாடிய தலம். அந்தப் பெயரிலேயே பெருமாள்முருகன் 2010-ல் ஒரு நாவல் எழுதினார். நான்கு வருஷம் யாரும் சண்டைக்கு வரவில்லை. 2014 டிசம்பர் 26-ல் திருச்செங்கோட்டில் அதைக் கொளுத்தினார்கள். 2015 ஜனவரி 9-ல் ஊரையே அடைத்தார்கள். மூன்று நாள் கழித்து நாமக்கல்லில் அதிகாரிகள் நடத்திய 'அமைதிப் பேச்சு' முடிந்தபோது எழுத்தாளர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டிருந்தார். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்ததும் அதே வாரத்தில்தான். சாமியின் மானத்துக்காக என்றார்கள். சாதியின் மானம் என்றும் சேர்த்தே சொன்னார்கள். இரண்டுக்கும் நடுவில் கோடு போட ஊரில் ஒருவரும் முன்வரவில்லை. சென்னை உயர்நீதிமன்றம் நாவலின் பக்கம் நின்று தீர்ப்பளித்தது 2016 ஜூலை 5-ல்.

அதற்கு ஓராண்டு முன்பே, 2015 ஜூன் 23 அன்று, ஓமலூரைச் சேர்ந்த நம் பிள்ளை கோகுல்ராஜ் அதே கோயிலுக்குப் போனான். பொறியியல் முடித்திருந்தான். உடன் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தான். அந்தப் பெண் கவுண்டர் சாதி. தீரன் சின்னமலை கவுண்டர் பேரவையின் யுவராஜும் அவர் ஆட்களும் அவனை அங்கிருந்து கொண்டுபோனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தான். தற்கொலை என்று காட்ட ஒரு கடிதம்.

நாவலை எரித்தவர்களும் கோகுல்ராஜைக் கொன்றவர்களும் ஒரே ஆட்கள் என்று நான் சொல்லவில்லை. கொன்றவர்கள் சாமி பெயரைச் சொல்லிக் கொன்றார்கள் என்றும் சொல்லவில்லை. ஆனால் இந்த மலை யாருக்குச் சொந்தம், இங்கே யாரோடு யார் உட்காரலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்ற நினைப்பு ஜூன் மாதத்தில் திடீரென்று முளைக்கவில்லை. ஒருவனைக் கொன்று ஒரு சமூகத்தையே பயப்பட வைப்பதற்குப் பெயர் பயங்கரவாதம் என்றால், இதற்கும் அதுதான் பெயர். நூறு நாளுக்கு மேல் தலைமறைவாக இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு விட்டார் யுவராஜ். வழக்கை விசாரித்த திருச்செங்கோடு டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா செப்டம்பர் 18-ல் தன் குடியிருப்பில் தூக்கில் கிடந்தார். அக்டோபரில் யுவராஜ் நாமக்கல்லில் சரணடைந்தார்.

"கோயிலுக்கு வந்தவனை இழுத்துப்போனது எங்கள் சாமிக்குச் செய்த துரோகம்" என்று எந்தக் கோயில் விழாவில், எந்தக் கட்டளைக்காரர் எழுந்து சொன்னார்? உங்களில் யாராவது கேட்டிருந்தால் எழுதுங்கள், மகிழ்ச்சியோடு திருத்திக்கொள்கிறேன்.

சாட்சி சொன்னது கோயிலின் சி.சி.டி.வி. காமிரா. உடன் இருந்த பெண் பிறழ்சாட்சியானார். 2022 நவம்பரில் உயர்நீதிமன்றமே அவரை அழைத்துப் பதிவைப் போட்டுக் காட்டியபோதும், அதில் இருப்பது தான் இல்லை என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் திரும்பிப் போய் வாழ வேண்டிய தெருவை நினைத்துப் பார்க்கிறேன். நாமக்கல்லில் நீதி கிடைக்காது என்று கோகுல்ராஜின் தாய் போராடி வழக்கை மதுரைக்கு மாற்றினார். 2022 மார்ச் 5-ல் பத்துப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. மூன்று நாள் கழித்து யுவராஜுக்குச் சாகும்வரை சிறை என்றார்கள். மேல்முறையீட்டின்போது, 2023 ஜனவரியில், நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷும் என். ஆனந்த் வெங்கடேஷும் நேரிலேயே மலைக்கு வந்து காமிராக்கள் இருந்த இடத்தைப் பார்த்தார்கள். அந்த ஜூன் 2-ல் தண்டனையை உறுதி செய்தார்கள்.

நீதிபதிகள் மலையேறிய அதே ஜனவரியில் சேலம் திருமலைகிரியில், மாரியம்மன் கோயிலுக்குள் போனதற்காக நம் இளைஞர் ஒருவரை ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் ஊர் நடுவில் வாய்க்கு வந்தபடி திட்டிய வீடியோ வந்தது. 2024 மே மாதம் ஓமலூர் அருகே தீவட்டிப்பட்டியில் மாரியம்மன் பண்டிகையில் எங்களுக்கும் கும்பிட உரிமை வேண்டும் என்று கேட்டதற்குக் கடைகள் எரிந்தன. இரண்டு இடத்திலும் கேட்டவர்கள் நாத்திகர்கள் இல்லை. அம்மனைக் கும்பிட வந்தவர்கள். 1947-ன் ஆலயப் பிரவேசச் சட்டத்துக்கு அப்போது எழுபத்தைந்து வயது தாண்டியிருந்தது.

மதுரைத் தீர்ப்பு வந்த வருஷம் வைகாசியில் அம்மா என்னையும் கூப்பிட்டார். போனேன். நல்ல வெயில். அறுபதாம் படி வந்ததும் அம்மா நின்றுவிட்டார். கற்பூரம் ஏற்றினார். மேலே போகலாமா என்றேன்.

"நான் தெனமும் கும்புடற சாமி முன்னாடிதான் அந்தப் பையன இழுத்துட்டுப் போனானுவ. சாமி பாக்காம இருந்திருக்குமா? பாத்தவனுங்க எத்தனை பேரு இருப்பானுவ, கண்ணு? அவங்க வந்து இந்தப் படியில நின்னு சொல்லட்டும். அப்பறம் நான் மேல வர்றேன்."

அம்மா அதற்கடுத்த வருஷமும் தேருக்குப் போனார். அறுபதாம் படி வரைக்கும்.