உயிலில் உள்ள பெயரும் செக்ரோலில் உள்ள பெயரும்: குடும்ப வரலாற்றைத் தேடும் வழிகள்

நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடம் மாணவரின் சொந்தக் குடும்பத்திலிருந்து தொடங்குகிறது. குடும்ப மரம் வரையச் சொன்னால் நம் பிள்ளைகளில் பலர் தாத்தா பெயரோடு நின்றுவிடுகிறார்கள். "தாத்தாவோட அப்பா பேரு என்னப்பா?" என்று கேட்டால் வீட்டிலும் பதில் கிடைப்பதில்லை. ரெங்கம், குளுவாங், லாபிஸ், சிகாமட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களில் இது சாதாரணமாக நடப்பதுதான். ஆனால் சில குடும்பங்கள் முந்நூறு ஆண்டுக் கதையைத் தாளில் காட்டுகின்றன. அது எப்படி முடிகிறது? நம்மால் எந்த அளவுக்கு முடியும்? ஓர் உண்மைக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம்.

ஸ்டோக்ஸ் குடும்பம்

இமாச்சலப் பிரதேசத்தின் ஆப்பிள் தோட்டங்களைப் பற்றிப் பேசினால் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற பெயர் வராமல் இருக்காது. 1882இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வசதியான குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். 1904இல் தொழுநோயாளிகளுக்குத் தொண்டு செய்ய இந்தியா வந்தார். 1912இல் உள்ளூர்ப் பெண்ணை மணந்து, சிம்லா மலையில் கோட்கர் பகுதியில் நிலம் வாங்கி அங்கேயே தங்கிவிட்டார். 1916இல் அமெரிக்காவிலிருந்து ஆப்பிள் கன்றுகளைத் தருவித்து நட்டார். 1932இல் இந்து சமயத்தைத் தழுவி சத்யானந்த் ஆனார். 1946இல் காலமானார்.

அவருடைய பேத்தி ஆஷா சர்மா அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அந்த நூல் 1999இல் வெளியானது. காலனி காலத்தில் நிலம் வைத்திருந்த ஒரு தாத்தாவைப் பேத்தி தேடிக் கண்டெடுத்த கதை என்றே அதைச் சொல்லலாம். இப்படிப்பட்ட குடும்பத்தில் தேடுகிறவருக்குக் கைகொடுப்பவை கடிதங்கள், நிலப் பத்திரங்கள், உயில்கள். குவேக்கர்களுக்கு இவற்றோடு இன்னொன்றும் உண்டு: சபைப் பதிவேடு.

குவேக்கர்களின் எழுத்துப் பழக்கம்

குவேக்கர் என்பது 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றிய ஒரு கிறிஸ்துவப் பிரிவு. அவர்கள் தங்களை 'நண்பர்கள் சங்கம்' என்று அழைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பாதிரியார் கிடையாது. மாதந்தோறும் கூடும் சபையே எல்லாவற்றையும் முடிவு செய்து எழுதி வைக்கும். பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் அதில் பதிவாகும். ஒருவர் ஊர் மாறிப் போனால் பழைய சபை புதிய சபைக்குச் சான்றிதழ் கொடுக்கும். திருமணத்துக்கு வந்தவர்கள் அனைவரும் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள். ஆகவே ஒரே திருமணத் தாளில் முழுச் சொந்தபந்தமும் கிடைத்துவிடும்!

தேதி விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். மாதப் பெயர்களில் பல ரோமானியத் தெய்வங்களின் பெயர்கள் என்பதால் குவேக்கர்கள் எண்ணைத்தான் எழுதினார்கள். 1752க்கு முன் ஆங்கிலேயரின் ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. எனவே '1740, 2ஆம் மாதம்' என்றிருந்தால் அது பிப்ரவரி இல்லை, ஏப்ரல்.

நமக்கும் இதே சிக்கல் உண்டு. பழைய கடிதத்தில் 'ரௌத்திரி வருடம்' என்றிருந்தால் அது 1920-21ஆக இருக்கலாம், 1980-81ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டுச் சுழற்சியில் பெயர் திரும்பி வரும். எந்தச் சுற்று என்பதைக் கடிதத்தில் உள்ள வேறு செய்தியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஓர் உயில் எழுத மறுத்தவர்

உயில் என்றால் சொத்து யாருக்கு என்று சொல்லும் தாள். அமெரிக்கக் காலனிகளின் பழைய உயில்களில் நிலம், வீடு, மாடு, கட்டில் வரிசையில் அடிமை மனிதர்களும் வருவார்கள். உடைமையாளருக்கு முழுப்பெயர் இருக்கும். அடிமைக்கு ஒற்றைப் பெயர், சில இடங்களில் அதுவும் இருக்காது. குவேக்கர்களிலும் அடிமை வைத்திருந்த நிலக்காரர்கள் இருந்தார்கள்.

நியூ ஜெர்சியில் ஜான் வுல்மன் (1720-1772) என்ற குவேக்கர் இருந்தார். அக்கம்பக்கத்தாருக்குப் பத்திரம், உயில் எழுதிக் கொடுப்பார். இளம் வயதில் முதலாளி சொன்னதற்காக ஓர் அடிமைப் பெண்ணின் விற்பனைப் பத்திரத்தை எழுதினார். அது அவர் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. பின்னொரு நாள், அடிபட்டுப் படுத்திருந்த அண்டை வீட்டுக்காரர் உயில் எழுதித் தரச் சொன்னார். தம்மிடமிருந்த இளம் அடிமைப் பெண்ணை எந்தப் பிள்ளைக்குக் கொடுப்பது என்றும் சொன்னார். வுல்மன் மற்றதையெல்லாம் எழுதி, அந்த ஒரு பகுதியை மட்டும் விட்டுவிட்டார். காரணத்தை நட்பாக எடுத்துச் சொன்னார், எழுதியதற்குக் கூலியும் வாங்கவில்லை. இருவரும் பேசிய பிறகு அண்டை வீட்டுக்காரர் அந்தப் பெண்ணை விடுவிக்கச் சம்மதித்தார். உயில் முழுமையானது. வுல்மன் தம் நாட்குறிப்பில் இதை எழுதி வைத்திருக்கிறார். 1776இல் பிலடெல்பியா ஆண்டுச் சபை, அடிமை வைத்திருப்போருக்குச் சங்கத்தில் இடமில்லை என்று முடிவெடுத்தது.

ஸ்டோக்ஸ் வளர்ந்தது இந்த மரபில்தான். சிம்லா மலையில் 'பேகார்' என்ற கட்டாய வேலை நடைமுறையில் இருந்தது. அதிகாரிகளும் பயணிகளும் வந்தால் கிராமத்தார் தங்கள் வேலையைப் போட்டுவிட்டுச் சுமை தூக்க வேண்டும். நிலக்காரரான ஸ்டோக்ஸ் கிராமத்தாரோடு நின்று அதை எதிர்த்தார். காங்கிரஸ் இயக்கத்தில் சேர்ந்து, 1921 டிசம்பரில் கைதாகிச் சிறைக்கும் போனார்.

நம் வீட்டுத் தாள்கள்

இப்போது ஜொகூருக்கு வருவோம். இங்கே நிலத்தின் கெரானில் இருந்தது கம்பெனியின் பெயர். நம் ஆட்களின் பெயர் இருந்தது கிராணி எழுதிய செக்ரோலில். எத்தனை நாள் பேர் போட்டது, எவ்வளவு சம்பளம், அவ்வளவுதான். கிராணி காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால் ஒரே முனியாண்டி மூன்று எழுத்துக்கூட்டலில் வருவார். ஸ்டோக்ஸ் என்ற குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாகத் தொடரும். நமக்கோ த/பெ மட்டும்தான். மகன் தலைமுறையில் தாத்தா பெயர் தாளிலிருந்து மறைந்துவிடும்.

1942க்குப் பிறகு சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துப் போகப்பட்ட தோட்டத் தமிழர்களில் ஏராளமானோர் திரும்பவே இல்லை. அவர்கள் எங்கே, எந்தத் தேதியில் இறந்தார்கள் என்று சொல்லும் தாள் பல குடும்பங்களில் இல்லை. வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதை ஒன்றே மிச்சம். அதை எழுதாவிட்டால் அதுவும் போய்விடும்.

அதற்காகக் கையை விரிக்க வேண்டியதில்லை. வீட்டு டிரங்குப் பெட்டியில் இவை கிடைக்கலாம்:

• பிறப்புப் பத்திரம் (சூராட் பெரானாக்): பெற்றோர் பெயர், பிறந்த தோட்டத்தின் பெயர்.
• பழைய அடையாள அட்டை: 1948இல் அவசரகாலத்தில் தொடங்கிய முறை. பல தாத்தா பாட்டிகளுக்கு அதற்கு எடுத்ததுதான் முதல் படம்.
• கப்பல் சீட்டு, பயணத் தாள்: 'ரஜூலா' போன்ற கப்பலின் பெயர், ஊர், ஆண்டு.
• ஊழியர் சேமநிதித் தாள்: 1951க்குப் பிறகு வேலை செய்த தோட்டங்களைக் காட்டும். வாரிசுப் பெயர் கொடுத்த பாரம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். நிலமில்லாத தொழிலாளி எழுதிய உயில் என்றால் பெரும்பாலும் அதுதான்.
• கூட்டுறவுச் சங்கப் பங்குச் சான்றிதழ்: துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பலர் சிறுகச் சிறுகக் கட்டினார்கள். நம் குடும்பங்களில் பலருக்கு நிலத்தோடு பெயர் சேர்ந்த முதல் தாள் இதுவாக இருக்கும்.

வகுப்பறையில்

மாணவர் ஒருவர் ஒரு தாளை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். மூன்று கேள்விகள் போதும்: இதை எழுதியது யார்? இதில் யார் பெயர் இருக்கிறது? இருந்திருக்க வேண்டிய யாருடைய பெயர் இல்லை? மூன்றாவது கேள்விக்குப் பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். பாட்டி சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதி, சொன்ன நாளையும் குறிக்கட்டும். அடையாள அட்டை எண்ணை மட்டும் நகலில் மறைத்துவிடுங்கள்.

அம்மா வழியையும் விடாமல் கேட்கச் சொல்லுங்கள். த/பெ முறையில் முதலில் காணாமல் போவது பாட்டிகளின் பெயர்தான். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவரும் இந்தக் காலத்தில், லயத்து வாழ்க்கையை நேரில் கண்டவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். இந்தத் தவணையிலேயே தொடங்கினால் நல்லது.